தடவினால் ‘விர்ர்’

“புது ஹோம் தியேட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மேல் விரலால் தடவினால் விர்ரென்று ஓர் அதிர்வு. விரலை அசைக்காமல் வைத்திருந்தால் ஒன்றுமே தெரிவதில்லை. பின்பக்க ஸ்க்ரூவில் டெஸ்டர் வைத்தால் மினுக்கென்று எரிகிறது. எலக்ட்ரீஷியன், ‘பாடியில கரண்ட் லீக் ஆகுது, தொடாதீங்க’ என்கிறார். கடைக்காரர், ‘எல்லா செட்டும் அப்படித்தான் சார்’ என்கிறார். யாரை நம்புவது?” என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எலக்ட்ரீஷியன் சொல்வதுபோல் கசிவு இருக்கிறது. கடைக்காரர் சொல்வதுபோல் அது எல்லா செட்டிலும் இருக்கிறது. கசியட்டும் என்றே கணக்குப் பார்த்து வைத்த கசிவு அது. வாசகர் கேட்காத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. யூடியூபில் உட்கார்ந்துகொண்டு, இதற்கெல்லாம் ஒரே மருந்து ‘பவர் கண்டிஷனர்’ என்று பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டியைக் காட்டுபவர். அவரை மட்டும் நம்ப வேண்டாம்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டும். நீங்கள் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்திருக்கும் கெப்பாசிட்டர் ஒன்று காத்துக்கொண்டிருக்கலாம். பழுதாகி மூலையில் கிடந்த ஒரு செட்டை நானே திறந்து பார்த்தேன். பவர் போர்டின் நடுவே ஒரு எல்லைக்கோடு தெரிகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் 230 வோல்ட் சம்பந்தப்பட்ட பாகங்கள். அந்தப் பக்கம் ஸ்பீக்கர், ஆக்ஸ் பின், யு.எஸ்.பி என்று நம் கை படக்கூடிய பாகங்கள். கோட்டையொட்டிச் செம்புத் தடம் எதுவும் இல்லை. ஓரிடத்தில் போர்டையே நீளமாக வெட்டிக் காற்று இடைவெளி விட்டிருக்கிறார்கள். தூசியும் ஈரமும் சேர்ந்து பாலம் போட்டுவிடக் கூடாதே என்பதற்காக. அந்தக் கோட்டைத் தாண்ட மூன்றே பேருக்குத்தான் அனுமதி. ஒன்று டிரான்ஸ்ஃபார்மர். இன்னொன்று, வெளிச்சத்தால் சேதி சொல்லும் கறுப்பு ஆப்டோகப்ளர். மூன்றாவது, பட்டாணி அளவில் தட்டையான ஒரு நீல வில்லை. அதன் முதுகில் ‘ஒய்1’ என்றும் ‘222’ என்றும் பொடி எழுத்து. 22-க்குப் பின்னால் இரண்டு சைபர் போட்டுப் பைக்கோ ஃபாரட் என்று படிக்க வேண்டும். அதாவது 2.2 நானோ ஃபாரட். உங்கள் விரலில் தெரிகிற விர்ருக்குக் காரணம் இந்த வில்லை.

எதற்காக அது அங்கே? பழைய செட்டுகளில் தூக்க முடியாத கனத்தில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இப்போது அந்த இடத்தில் எஸ்.எம்.பி.எஸ். வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, நொடிக்கு அறுபதாயிரம், லட்சம் தடவை வெட்டி வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு துளி இரைச்சல் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுற்றிலிருந்து மறு சுற்றுக்குத் தாவிவிடுகிறது. தாவிய இரைச்சல் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். பக்கத்தில் வழியில்லை என்றால் ஸ்பீக்கர் ஒயர், ஆன்டெனா கேபிள் என்று ஊரெல்லாம் சுற்றித் திரும்பும். சுற்றுகிற வழியில் அண்டை வீட்டு ரேடியோவில் கொரகொரவென்று கேட்கும். குறுக்கு வழி ஒன்றைப் பக்கத்திலேயே போட்டுக்கொடுப்பதுதான் நீல வில்லையின் வேலை.

ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற இரண்டு பங்காளி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேல வீட்டுக்காரர் அரிவாள் பேர்வழி. கீழ வீட்டில் குழந்தை குட்டிகள். சுவரில் ஒரு பொந்து. அதில் நுழைந்து வரப்போக இருக்கிற ஒரு பொடியன். கறிவேப்பிலை, எலுமிச்சம்பழம், ஊர்வம்பு என்று சில்லறைச் சமாச்சாரம் ஒரு நாளைக்கு நூறு தடவை அவன் வழியாகப் போய்வரும். அரிசி மூட்டை போகாது, பொந்து அவ்வளவுதான். சில்லறை என்பது உயர் அதிர்வெண் இரைச்சல், மூட்டை என்பது 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரம். லட்சம் ஹெர்ட்ஸுக்கு அந்த வில்லை காட்டும் தடை சுமார் 700 ஓம். 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 14 லட்சம் ஓம். ஆனாலும் மூட்டையின் கிழிசல் வழியே நாலு அரிசி கீழ வீட்டுப் பக்கம் சிந்தத்தான் செய்யும். அதுதான் கசிவு. பொடியனே வேண்டாம் என்று பொந்தை அடைத்தால் வம்பெல்லாம் தெருவுக்குப் போய்விடும். சாதாரணப் பையனை வைத்தால், ஊரில் அடிதடி என்று வரும் நாளில் மிரண்டு சுவரைப் பெயர்த்துக்கொண்டு ஓடுவான். பின்னாலேயே மேல வீட்டுக்காரர் அரிவாளோடு உங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார். ஆகவே, தனக்கு என்ன ஆனாலும் பொந்தை மூடிவிட்டுச் சாகிற பையனாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஒய்1 என்றால் 8,000 வோல்ட் மின்னதிர்ச்சியைக் கொடுத்துப் பார்த்துத் தேர்வானவன். அவன் பெரியவனாகிப் பொந்துக்குள் நுழைய முடியாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். உவமையை இதற்கு மேல் இழுத்தால் சுவர் விழுந்துவிடும்.

சிந்துகிற அரிசி எவ்வளவு? முழு 230 வோல்ட்டும் வில்லையின் மேல் விழுந்தாலும் அதன் வழியே போகக்கூடியது 0.16 மில்லி ஆம்பியர்தான். மனிதனுக்கு மின்சாரம் பாய்வது உறைக்க ஆரம்பிப்பதே சுமார் அரை மில்லி ஆம்பியரில். பத்தைத் தொட்டால் பிடித்த பொருளை விட முடியாமல் கை இறுகும். இதயம் தாளம் தப்புவது அதற்கும் பல மடங்கு மேலே. உறைக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றால், நம் வாசகரின் விரலில் அதிர்வு எப்படித் தெரிகிறது?

இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. வாசகருக்குத் தெரிந்தது ஷாக்கே இல்லை. அவர் எழுதியதில் துப்பு இருக்கிறது: விரலை வைத்தால் ஒன்றுமில்லை, தடவினால் மட்டும் அதிர்வு. மின்சாரம் பாய்ந்து நரம்பைத் தொட்டிருந்தால் வைத்தாலும் தெரிய வேண்டும்.

விரல் நுனியின் மேல்தோல் செத்த செல்களாலான காய்ந்த அடுக்கு. அதில் மின்சாரம் லேசில் போகாது. அதற்கு உள்ளே ஈரமும் உப்புமான சதை. அது நன்றாகவே கடத்தும். ஒரு பக்கம் பெட்டியின் உலோகம், மறு பக்கம் விரலின் சதை, நடுவே மெல்லிய காப்பு. ஆக, விரலும் பெட்டியும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. இரண்டு தகடுகளுக்கு நடுவே வோல்டேஜ் இருந்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பெட்டி உங்கள் விரல் தோலை உண்மையாகவே தன் பக்கம் இழுக்கிறது. இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கத்துக்குக் கூட்டலும் கழித்தலும் ஒன்றுதான். ஆகவே, 50 ஹெர்ட்ஸின் மேட்டில் ஒரு தடவை, பள்ளத்தில் ஒரு தடவை என்று நொடிக்கு 100 தடவை இழுத்து விடுகிறது.

இழுப்பு மிகமிகக் குறைவு. விரல் சும்மா இருந்தால் அதை உணரவே முடியாது. விரலை நகர்த்தும்போது நிலைமை மாறுகிறது. நகரும் விரலுக்கும் பெட்டிக்கும் நடுவே உராய்வு இருக்கிறது. இழுக்கும் கணத்தில் தோல் அழுந்தி உராய்வு கூடுகிறது. விட்ட கணத்தில் குறைகிறது. தோல் ஒட்டி, வழுக்கி, ஒட்டி, வழுக்கி நொடிக்கு நூறு தடவை நடுங்குகிறது. தோலுக்கு அடியில் அதிர்வை உணரவென்றே பசினியன் என்கிற உணர்விகள் இருக்கின்றன. 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் அவற்றுக்குக் கூர்மை அதிகம். 100 ஹெர்ட்ஸும் நன்றாகவே தெரியும். ஆக, விரல் நடுங்கியது பாய்ந்த மின்சாரத்தால் அல்ல, மாறி மாறி வந்த உராய்வால். அந்தப் பெட்டி பாட ஆரம்பிக்கும் முன்பே, ஒரு ஸ்பீக்கர் கோனுக்குச் செய்ய வேண்டியதை உங்கள் தோலுக்குச் செய்துகொண்டிருக்கிறது.

பெயின்ட் அடித்த மூடியிலும் இது தெரியும். பெயின்டும் ஒரு காப்புதானே. டெஸ்டர் மட்டும் பெயின்டின் மேல் எரியாது. அதனால்தான் வாசகருக்கு ஸ்க்ரூ தேவைப்பட்டது. விரல் ஈரமாக இருந்தால் செத்த தோல் ஊறிக் கடத்தியாகிவிடும், கெப்பாசிட்டர் கலைந்துவிடும், விர்ரும் மறைந்துவிடும். ஈரக் கையோடு சோதித்துப் பார்க்க வேண்டாம். அப்போது மறைவது ஆபத்து அல்ல, அதன் அடையாளம் மட்டுமே. கரோகே பாடுகிறவர்களுக்கு மைக் வலை உதட்டில் பட்டால் சுருக்கென்பது வேறு கதை. உதடு ஈரம், தோல் மெல்லிசு, படுகிற இடம் ஊசிமுனை அளவு. அங்கே நிஜமாகவே கசிவு மின்சாரம் உறைக்கிறது.

சரித்திரம் இல்லாமல் அறிவியல் கட்டுரை எழுதக் கூடாதாம். 1874-இல் அமெரிக்காவில் எலிஷா கிரே என்கிற மின் பொறியாளரின் வீட்டுப் பையன் ஒருவன், தூண்டுச் சுருளின் ஒரு முனையைக் கையில் பிடித்து, மறு முனையைத் துத்தநாகம் பதித்த குளியல் தொட்டியில் இணைத்து விளையாடினான். அவன் கை காய்ந்த தொட்டியில் உரசியபோது, கருவி எழுப்பிய அதே சுருதியில் தொட்டி முனகியது. கிரே அதைப் பிடித்துக்கொண்டு இசைத் தந்தி என்று ஏதேதோ செய்தார். இரண்டு வருடம் கழித்துத் தொலைபேசிக்காக கிரஹாம் பெல்லோடு ஒரே நாளில் காப்புரிமை அலுவலகத்தில் மோதித் தோற்றார். 1953-இல் மாலின்க்ரோட் என்பவரும் இரு சகாக்களும், பல்பு எரியும்போது பித்தளை ஹோல்டர் விரலுக்குச் சொரசொரப்பாகவும் அணைந்ததும் வழவழப்பாகவும் இருப்பதைக் கவனித்துக் காரணத்தை ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2010-இல் டிஸ்னி ஆய்வகம் இதையே தொடுதிரையில் புகுத்தி, கண்ணாடியிலேயே துணியின் நெசவையும் மரத்தின் சொரசொரப்பையும் உணரலாம் என்று செய்துகாட்டியது. எதிர்காலம் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. என் போன் இன்னும் வெறும் கண்ணாடியாகத்தான் இருக்கிறது.

திரும்ப நம் பெட்டிக்கு வருவோம். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் ‘ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு’, ‘ஓவர்ஹீட் பாதுகாப்பு’, ‘டி.சி. பாதுகாப்பு’ என்று போட்டிருக்கும். ஸ்பீக்கர் ஒயர்கள் ஒட்டிக்கொண்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் கருகாமல் இருக்க முதலாவது. சூடேறினால் அணைய இரண்டாவது. பெரிய ஆம்ப்ளிஃபையரில் சுவிட்ச் போட்டுச் சில நொடி கழித்து ‘டிக்’ என்று ஒரு ரிலே விழுகிறதே, அது மூன்றாவது. உள்ளே வோல்டேஜ் நிதானத்துக்கு வரும்வரை ஸ்பீக்கரைத் துண்டித்து வைக்கிறது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் மூன்றும் காப்பாற்றுவது பெட்டியையும் ஸ்பீக்கரையும். ஃபியூஸ்கூட உங்களுக்காக இல்லை. 2 ஆம்பியர் ஃபியூஸ், உங்களைக் கொல்லப் போதுமான 0.1 ஆம்பியரை ஏறெடுத்தும் பார்க்காது. ஒயர் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே அதன் உத்தியோகம். அதற்குத் தங்க முலாம் பூசி, ‘ஒலி துலக்கமாகும்’ என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். உருகிப்போவதற்கென்றே பிறந்த கம்பிக்குத் தங்கத்தில் தொப்பி!

வீட்டு மனிதர்களைக் காப்பாற்றும் ஏற்பாடுகளை யாரும் டப்பாவில் அச்சடிப்பதில்லை. போர்டில் வெட்டிய அந்தக் காற்று இடைவெளி, சில ரூபாய் பெறாத நீல வில்லை, சுவரிலிருந்து வரும் எர்த் ஒயர், மெயின் போர்டில் உட்கார்ந்து, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மலிவு அடாப்டர்களில் முதல் இரண்டிலும் கைவைத்துவிடுகிறார்கள். இடைவெளி சுருங்கிவிடும், ஒய்1 இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண செராமிக் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே விர்ரென்னும். ஒன்று கெட்டால் திறந்துகொள்ளும், மற்றது கெட்டால் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலத்துக் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களில் இதே இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரை மின் ஒயருக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே போட்டிருந்தார்கள். ரிப்பேர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘டெத் கேப்’.

அடுத்து, பின்னைப் பாருங்கள். செட்டின் பின்பக்க லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது. எர்த் இல்லாமலேயே பாதுகாப்பாக இருக்கும்படி கட்டப்பட்டது. இரண்டு பின் போதும், விர்ரும் இயல்பு. மூன்று பின்னோடு வரும் பெரிய ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர், வால்வு செட் எல்லாம் எர்த்தை நம்பிக் கட்டப்பட்டவை. எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதே, அது முதலில் சேர்ந்து கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான். இவற்றில் விர்ரென்றால் செட்டைத் திட்டிப் பயனில்லை. உங்கள் வீட்டு எர்த், பிளக் பாயின்ட்டுக்கு வந்து சேரவில்லை. ஃபேஸிலிருந்து ஒரு வில்லை, நியூட்ரலிலிருந்து ஒரு வில்லை என்று சட்டத்தோடு இணைத்திருப்பார்கள். எர்த் இல்லையென்றால் சட்டம் நடுவில் தொங்கும், 115 வோல்ட்டில். இதுவரை பாதிப்பில்லை. உள்ளே ஃபேஸ் ஒயர் ஒன்று கழன்று சட்டத்தில் படுகிற நாளில், அதை ஏற்றுக்கொண்டு ஆர்.சி.சி.பி.-யைத் தட்டிவிட வேண்டிய எர்த் அங்கே இருக்காது. முதலில் தொடுகிறவர்தான் எர்த்.

சென்னை ரிச்சி தெருவிலும் ஊருக்கு ஊர் ரேடியோ கடைகளிலும் உதிரி பாகம் வாங்கிக் கட்டித் தரும் ஆம்ப்ளிஃபையர்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒலியில் பல செட்டுகள் கம்பெனிச் சரக்குக்கு இளைத்தவை அல்ல. ஆனால் தகர கேபினெட், இரண்டு பின் ஒயர், ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம்கூட இல்லை என்றால் அது இரட்டைக் காப்பும் இல்லை, எர்த்தும் இல்லை. கட்டுகிறவரிடம் மூன்று பின் ஒயர் போட்டு, எர்த்தைக் கேபினெட்டில் முறுக்கச் சொல்லுங்கள்.

‘எர்த் போட்டால் ஹம் வருகிறது’ என்பார். வரும். டிவி ஒரு பாயின்ட்டில், ஆம்ப்ளிஃபையர் இன்னொரு பாயின்ட்டில், நடுவே சிக்னல் ஒயர் என்று எர்த் ஒரு வளையமாகிவிட்டால் ம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் பாடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் சிக்னல் ஒயரில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். எர்த் பின்னை ஒடிப்பதும், உள்ளே எர்த் ஒயரைக் கத்தரிப்பதும் ஹம்முக்கு வைத்தியமே அல்ல. 1972-இல் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட ஸ்காட்லாந்துக் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி அங்கேயே இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் 1976-இல் தன் வீட்டிலேயே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். அங்கும் எர்த் சரியில்லை.

எர்த் இல்லாமல் தொங்கும் செட், ஆட்களை விட்டாலும் செட்டுகளை விடாது. சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. பின்னைக் கவனியுங்கள். நடு ஊசி வெளி வளையத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். செருகும்போது ஊசிதான் முதலில் தொடும். இரண்டு செட்டும் ஆனில் இருந்தால், தொங்கிக்கொண்டிருக்கும் நூற்றுச்சொச்சம் வோல்ட், ஒரு வோல்ட் சிக்னலுக்காகச் செய்த ஐ.சி.யின் காலில் போய் இறங்கும். ‘கேபிள் மாட்டினேன், ஒரு சேனல் போய்விட்டது’ என்கிற புலம்பலில் பாதி இதுதான். சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டினால் வேலை முடிந்தது; கண்டிஷனர் தேவையில்லை.

இனி, வாசகருக்கு மிச்சமிருக்கும் சந்தேகம்: அவருடைய விர் சாதுவா, விஷமா? டெஸ்டரால் சொல்ல முடியாது. அதன் நியான் பல்பு எரிய மைக்ரோ ஆம்பியர் போதும்; கசிவுக்கும் எரியும், ஃபேஸ் ஒயருக்கும் எரியும். டிஜிட்டல் மல்ட்டிமீட்டரும் 90, 100 வோல்ட் என்று காட்டி மிரட்டத்தான் செய்யும். விவரமான டெக்னீஷியன் செய்வது இது: மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையை எர்த்திலும் வைத்து, இரண்டுக்கும் குறுக்கே 2,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுவார். ஏறக்குறைய மனித உடம்பின் தடை அது. நீல வில்லையின் கசிவாக இருந்தால், 0.16 மில்லி ஆம்பியரால் 2,000 ஓம் மேல் சுமார் 0.3 வோல்ட்டுக்கு மேல் நிறுத்த முடியாது. 100 காட்டிய மீட்டர் பொத்தென்று சைபர் பக்கம் விழும். விழாமல் பத்து, நூறு என்று நின்றால் பின்னால் நிஜமான ஃபேஸ் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செட்டை கேரண்டி கார்டோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ‘எல்லா செட்டும் அப்படித்தான்’ என்று மறுபடி சொன்னால், அவர் கடையிலிருக்கும் இன்னொரு செட்டிலும் அதே ரெசிஸ்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.